முதல் பில் போடும் முன்: விற்பதா, பதிவதா, மறைப்பதா?

குமுளியில் எங்களுக்கு ஒரு லேத்துப் பட்டறை இருக்கிறது. கம்பத்திலிருந்து மலையேறி வருகிறவர்களும் வண்டன்மேடு, அணக்கரை ஏலத்தோட்டக்காரர்களும் எங்கள் வாசலில் ஜீப்பை நிறுத்துவார்கள். இந்த வருடம் ஏலக்காய் எடுப்பு தொடங்கியதிலிருந்து நாலு பேர் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். ஒருவர் முதுகில் மாட்டும் ஸ்பிரேயரில் ஒரு மாற்றம் செய்திருக்கிறார். இன்னொருவர் காய் உலர்த்தும் ட்ரையரின் அடுப்புக்கு விறகு தள்ளும் அமைப்பு ஒன்று செய்திருக்கிறார். கேள்வி இதுதான்: "செய்து முடித்தாயிற்று, நன்றாக ஓடுகிறது. நாலு மிஷின் விற்று மார்க்கெட் பார்த்துவிட்டு அப்புறம் பேடண்ட் போடலாமா? முதலிலேயே போட்டுவிட வேண்டுமா? இல்லை, போடாமலே ரகசியமாக வைத்துக்கொள்ளலாமா?"

ஏட்டில் காப்புரிமை என்று எழுதினாலும் பட்டறையில் எல்லாரும் பேடண்ட் என்றே சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு வாய்வார்த்தையாகப் பதில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. தப்பான பதிலுக்கு என்ன விலை என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தவன் நான். என் சித்தப்பா ஏலக்காய் பாலிஷ் போடும் டிரம் ஒன்றைச் செய்தார். ட்ரையரில் உலர்ந்து சூடாக இருக்கும்போதே காயைத் தேய்த்து, காம்பையும் நுனியில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூவையும் உதிர்ப்பதுதான் பாலிஷ். அப்போதிருந்த மிஷின்களில் கம்பி வலை காயின் தோலைக் கிழித்துவிடும். வாய் பிளந்த காய்க்கு ஏலத்தில் விலை இறங்கிவிடும். சித்தப்பா ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு டிரம் வைத்து எதிர்த்திசையில் சுற்றவிட்டார். நடுவில் உள்ள இடைவெளியை ஒரு திருகால் கூட்டிக் குறைக்கலாம். எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காய்க்கு ஒரு அளவு, ஏழு மில்லிக்கு வேறொரு அளவு. தோல் கிழிவது பெருமளவு நின்றது.

முதல் மிஷினை வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய் ஸ்டோருக்கு, அதாவது காய் உலர்த்தும் கூடத்துக்கு, விற்றார். அந்த வருடமே இன்னும் ஐந்து போயின. யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள், அதில் சித்தப்பாவுக்குப் பெருமைதான். இரண்டு வருடம் கழித்து வேறொரு ஊரிலிருந்து அச்சு அசலாக அதே மிஷின், விலை குறைவாக, எங்கள் வாடிக்கையாளர்களிடமே வந்தது. அப்போதுதான் சித்தப்பா மதுரைக்கு ஒரு பேடண்ட் ஏஜெண்டைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். அவர் வரைபடத்தைக்கூடப் பிரிக்கவில்லை. "அண்ணே, முதல் மிஷினுக்கு பில் போட்ட தேதி என்ன?" என்று கேட்டார். கையோடு கொண்டுபோயிருந்த பில் புக்கைச் சித்தப்பா மேஜைமேல் வைத்தார். கார்பன் தாளில் நீலமாகப் பதிந்திருந்த அந்தத் தேதியைப் பார்த்ததும் அவர் புத்தகத்தை மெதுவாக மூடிவிட்டார்.

எதை வைத்து முடிவெடுப்பது

ஒவ்வொரு வழியையும் நான் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன். முதல் இரண்டும் கனமானவை.

முதலாவது, இந்த வழியில் போனால் பிறகு பேடண்ட் வாங்கும் கதவு திறந்திருக்குமா, மூடிவிடுமா? 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும் என்கிறது. விண்ணப்பத் தேதிக்கு முன் அது எந்த ஆவணத்திலும் வெளியாகியிருக்கக் கூடாது, பொதுவில் பயன்பட்டிருக்கவும் கூடாது. அதை வெளியிட்டது நீங்களே என்றாலும் சலுகை கிடையாது. "என் பொருளை நானே விற்றேன், அது எப்படி எனக்கு எதிராகும்?" என்று சித்தப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். சட்டம் பார்ப்பது பொருள் யாருடையது என்பதை அல்ல, ஊருக்குத் தெரிந்துவிட்டதா என்பதை. ஊருக்குத் தெரிந்துவிட்ட ஒன்றுக்கு 20 ஆண்டு தனியுரிமை கொடுப்பதில் பொதுமக்களுக்கு என்ன லாபம் என்பதே அதன் கணக்கு.

இரண்டாவது, பொருளைப் பிரித்துப் பார்த்தால் ரகசியம் தெரிந்துவிடுமா? பாலிஷ் டிரம்மில் நாலு போல்ட்டைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒரு கலவையின் விகிதமோ உலர்த்தும் சூட்டின் ஏற்ற இறக்கமோ அப்படி இல்லை. உலர்ந்த காயைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மற்ற மூன்றும் சின்னவை. இந்தச் சரக்கு எத்தனை வருடம் விற்கும்? அடுத்த 12 மாதத்தில் உங்களால் எவ்வளவு பணம் புரட்ட முடியும்? வெளிநாட்டில் விற்கும் எண்ணம் உண்டா? ஏலக்காய் மிஷின்காரர்கள் கடைசிக் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிட வேண்டாம். உலகத்தில் ஏலக்காய் அதிகமாக விளையும் நாடுகளில் கௌதமாலாவும் ஒன்று. நம் டிரம்முக்கு அங்கேயும் வேலை இருக்கிறது.

முதலில் விற்றுப் பார்ப்பது

எல்லாருக்கும் இயல்பாகத் தோன்றும் வழி இது. ஓடுமா ஓடாதா என்று தெரியாத பொருளுக்கு எதற்கு முன்கூட்டியே செலவு என்ற யோசனையில் நியாயம் இருக்கிறது. இன்றைக்கு ஆகும் செலவு பூஜ்யம். ஆனால் முதல் கேள்வியில் இது சுத்தமாகத் தோற்கிறது. எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒரே ஒரு மிஷினை ஒரே ஒருவருக்கு விற்றால் போதும். வாங்கியவர் அதைப் பிரிக்கலாம், பக்கத்துத் தோட்டக்காரருக்குக் காட்டலாம். அப்படிக் காட்டும் சுதந்திரம் அவருக்கு இருப்பதே அது பொதுவில் வந்ததற்குச் சமம்.

"எங்க ஊர்ல பத்துப் பேருக்குத்தானே தெரியும்" என்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்வேன். நெல் வயலில் அடிக்கும் பியூட்டாகுளோர் களைக்கொல்லி தொடர்பாக மான்சான்டோவுக்கும் கோரமண்டல் இண்டாக் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒன்று பொதுவில் தெரிந்தது என்று ஆக, மக்கள் எல்லாரும் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டியதில்லை. அந்தத் துறையில் இருக்கும் விஞ்ஞானிக்கோ வியாபாரிக்கோ உபயோகிப்பவருக்கோ தெரிந்திருந்தால் போதும் என்றது. வண்டன்மேட்டு ஸ்டோர்க்காரருக்குத் தெரிந்தது இந்தக் கணக்கில் ஊருக்கே தெரிந்ததுதான்.

இங்கிலாந்தில் நடந்தது இதைவிடக் கடுமை. பாய்மரம் கட்டிய அலைப்பலகைக்கு ஒரு நிறுவனம் பேடண்ட் வைத்திருந்தது. 1958-ல் ஹேலிங் தீவில் 12 வயதுப் பையன் ஒருவன் தானே செய்த அப்படிப்பட்ட பலகையைக் கடலில் ஓட்டி விளையாடியிருக்கிறான் என்ற சாட்சியம் வந்தது. 1985-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த பேடண்ட் செல்லாது என்றது. யாரோ ஒரு சிறுவன் கோடை விடுமுறையில் நாலு பேர் பார்க்க விளையாடியதே போதுமானதாக இருந்திருக்கிறது.

இதில் மறைந்திருக்கும் செலவு போட்டிக்காரர் வரும் நாளில்தான் தெரியும். அன்றைக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் பழைய தேதியை வாங்க முடியாது. அமெரிக்காவில் வெளியிட்ட பிறகு ஒரு வருடம் அவகாசம் இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டுவிட்டு, இங்கேயும் ஒரு வருடம் உண்டு என்று நினைத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். விற்பனைக்கு அப்படி ஒரு பொதுவான அவகாசத்தை இந்தியச் சட்டம் தரவில்லை. ஐரோப்பா இன்னும் இறுக்கம்.

இந்த வழி யாருக்குச் சரி? இரண்டு சீசனில் வழக்கொழிந்துபோகிற பொருளுக்குச் சரி. ஏற்கெனவே இருப்பதைச் சற்றே மாற்றி வைத்த வேலைக்கும் சரி. மிர்சாப்பூர் பாத்திரப் பட்டறைக்காரர் ஒருவர் லேத்தில் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஓர் அமைப்புக்கு 1950-களில் பேடண்ட் வாங்கினார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அதில் புதுமையும் இல்லை, கண்டுபிடிப்புத் திறனும் இல்லை, வழக்கமான பட்டறை முன்னேற்றம்தான் என்று 1978-ல் முடிந்தது. உங்கள் வேலையும் அந்த ரகம் என்று மனசாட்சிக்குத் தெரிந்தால் பேடண்ட் கனவை விட்டுவிட்டுத் தரத்திலும் சர்வீஸிலும் போட்டி போடுங்கள்.

முதலில் புரொவிஷனல் போட்டுவிட்டு வெளியே வருவது

என் பரிந்துரை பெரும்பாலும் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன்.

கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் முழு விவரணை எழுதத் தயாராக இல்லாதவர்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் வசதி தற்காலிக விவரணை, அதாவது புரொவிஷனல். பொருள் என்ன, எப்படி வேலை செய்கிறது என்பதைப் படத்தோடு எழுதிக் கொடுத்தால் அன்றைய தேதி உங்களுக்குப் பதிவாகிவிடும். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரணை கொடுக்க வேண்டும். மறுநாளே நீங்கள் விற்கலாம், வீடியோ போடலாம். அந்தத் தேதிக்குப் பிறகு நீங்கள் காட்டியது உங்களுக்கு எதிராக நிற்காது. எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: தேனி மாவட்டமானாலும் இடுக்கி மாவட்டமானாலும் அலுவலகம் ஒன்றுதான், சென்னை கிண்டி. ஆன்லைனிலேயே போடலாம்.

தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். 30 பக்கமும் 10 உரிமைக்கோரலும் (இன்னின்னது என்னுடையது என்று கேட்கும் வரிகள்) அதற்குள் அடங்கும். விண்ணப்பத்தைப் பேடண்ட் அலுவலகம் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்க 4,000 ரூபாய். 2024-இல் விதி மாறியதிலிருந்து இதற்கு 31 மாதம் அவகாசம். பேடண்ட் கிடைத்தபின் புதுப்பித்தல் கட்டணம் வருகிறது, விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ணி மூன்றாம் ஆண்டு முதல்: முதல் நாலு வருடம் ஆண்டுக்கு 800, அடுத்த நாலு வருடம் 2,400, அப்புறம் ஐந்து வருடம் 4,800, கடைசி ஐந்து வருடம் 8,000. 20 வருடமும் கட்டினால் மொத்தம் 76,800 ரூபாய். தேவையில்லை என்றால் பாதியிலேயே நிறுத்திவிடலாம். இத்தனைக்கும் மேலே ஏஜெண்ட் கட்டணம். அது ஆளுக்கு ஆள் மாறும், அரசுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு இருக்கும். முறையான தொழில்நுட்பப் படிப்பு இல்லாத அடித்தட்டுக் கண்டுபிடிப்பாளர்களுக்காக காந்திநகரில் இருக்கும் தேசியக் கண்டுபிடிப்பு அறக்கட்டளை பேடண்ட் விண்ணப்பத்துக்கு உதவுகிறது. அங்கே எழுதிப் பார்ப்பதற்குக் காசில்லை.

இப்போது மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருகிறேன்.

புரொவிஷனலில் என்ன எழுதினீர்களோ அதற்கு மட்டும்தான் அந்தத் தேதி. சித்தப்பாவின் டிரம்மை எடுத்துக்கொண்டால், "இரண்டு டிரம் எதிர்த்திசையில் சுற்றும்" என்று மட்டும் எழுதிவிட்டு இடைவெளித் திருகைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் மிஷினை விற்றால், திருகுக்குப் பழைய தேதி கிடைக்காது. விற்ற மிஷினில் திருகு இருந்திருக்குமே, அதுவே எதிர்ச் சாட்சி ஆகிவிடும். ஒரு பக்கத்தில் அவசரமாக எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம் வருகிறது. மிஷினில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும், அதை வேறு எப்படியெல்லாம் செய்யலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது 12 மாதக் கெடு. அதற்குள் முழு விவரணை போடாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். மிஷின் இன்னும் வெளியே வரவில்லை என்றால் நஷ்டம் 1,600 ரூபாய்தான், மறுபடி புதிதாகப் போடலாம். நடுவில் விற்றுவிட்டீர்கள் என்றால் புதிய விண்ணப்பத்தை உங்கள் பழைய பில்லே அடித்துவிடும். விற்பது பாதுகாப்பு என்று நினைத்ததே அந்தத் தேதி இருந்ததால்தானே. தேதி போனால் பாதுகாப்பும் போய்விடும். புரொவிஷனல் போட்டவர்கள் பத்தாவது மாதத்தில் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் ஏஜெண்டைத் தேடி ஓடினால் வேலை நன்றாக வராது.

மூன்றாவது, விண்ணப்பம் போட்டதுமே காப்பியடிப்பவரை நிறுத்திவிடலாம் என்ற நினைப்பு. வழக்குப் போட பேடண்ட் வழங்கப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக 18 மாதத்தில் விண்ணப்பம் வெளியிடப்படும். அந்தத் தேதியிலிருந்து ஆன நஷ்டத்தைப் பின்னால் கேட்கலாம், ஆனால் கேட்பது வழங்கிய பிறகுதான். மிஷினில் "பேடண்ட் விண்ணப்பிக்கப்பட்டது" என்று எழுதலாம். கிடைக்கும் முன்பே "பேடண்ட் பெற்றது" என்று எழுதினால் அபராதம் உண்டு.

வெளிநாட்டுக் கேள்விக்கும் இதிலேதான் பதில். இந்தியத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் பிற நாடுகளில் விண்ணப்பித்தால் அங்கேயும் இந்தத் தேதியே செல்லும். இந்தியாவில் வசிப்பவர்கள் முதலில் வெளிநாட்டில் போட நினைத்தால் அதற்கு முன் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தோட்டத்தில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது

இங்கேதான் நிஜமான சங்கடம். பச்சை ஏலக்காய் கிலோக்கணக்கில் உலரும் ஸ்டோரில் ஓட்டாமல் ஒரு பாலிஷ் மிஷினைச் சோதிக்கவே முடியாது. ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஆகும். பட்டறையில் நாங்கள் வாங்கி உலர்த்தி எத்தனை மூட்டை தேய்ப்பது? எழுதப் போனால், எதை எழுதுவது என்றே தெரியாத நிலையில் பொருள் இருக்கும். சோதிக்காமல் புரொவிஷனல் போட முடியாது, சோதித்தால் வெளியே தெரியும்.

சட்டம் இந்தச் சங்கடத்தை உணர்ந்திருக்கிறது. பிரிவு 32 சொல்வது இது: விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள், நியாயமான சோதனைக்காக மட்டும், பொருளின் இயல்பைப் பார்த்தால் பொதுவில் வைத்துத்தான் சோதிக்க முடியும் என்ற நிலையில், நீங்களோ உங்கள் சம்மதத்தோடு வேறொருவரோ பொதுவில் ஓட்டியிருந்தால் அது புதுமையைக் கெடுக்காது. இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு பூட்டு. "மட்டும்" என்ற சொல்லைத்தான் முதலில் பாருங்கள். சோதனைக்குக் கொடுத்த மிஷினுக்குப் பணம் வாங்கினால் அது சோதனை மட்டும் அல்ல. வாடகை வாங்கினாலும் அப்படித்தான்.

பழைய அமெரிக்க வழக்கு ஒன்று இதை அழகாகக் காட்டும். நிகல்சன் என்பவர் மரக்கட்டைகளால் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்து, 1848-ல் பாஸ்டன் நகரில் ஒரு சாலையில் 75 அடிக்குத் தன் செலவிலேயே போட்டார். வண்டிகள் அதன்மேல் ஓடின, ஊர் முழுக்கப் பார்த்தது. அவர் கிட்டத்தட்டத் தினமும் போய், கைத்தடியால் தட்டிப் பார்த்துத் தேய்மானத்தைக் கவனித்தார். பிற்பாடு வழக்கு வந்தபோது அது விற்பனை அல்ல, சோதனைதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அங்கே ஆறு வருடம் ஓடியும் ஏற்றார்கள். நமக்கு ஒரு வருடம்தான். ஆனால் அந்தக் கைத்தடியை நாம் எடுத்துக்கொள்ளலாம்: சோதனை என்றால் போய்ப் பார்க்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும், எழுதியதை வைத்து மிஷினில் மாற்றம் செய்ய வேண்டும்.

நான் இப்போது எல்லாரிடமும் சொல்வது: ஸ்டோருக்கு மிஷின் போகும் முன் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். சோதனைக்காக இத்தனை நாள், காசில்லாமல், யாருக்கும் காட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். தமிழில் எழுதினாலும் மலையாளத்தில் எழுதினாலும் செல்லும். தேதி இருக்க வேண்டும். தெரிந்த சேட்டனிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சமாக இருக்கும், சித்தப்பாவுக்கும் அந்தக் கூச்சம்தான் இருந்தது. ரகசியம் காக்கச் சம்மதித்தவரிடம் காட்டியது பொதுவில் காட்டியது ஆகாது. பிரிவு 32-ஐ நம்புவதைவிட இந்தக் கடிதம் உறுதியானது.

ஒருவேளை உங்கள் சம்மதம் இல்லாமல் யாராவது வீடியோவை வெளியே விட்டால்? அது தெரிந்தவுடன் கூடிய சீக்கிரம் விண்ணப்பித்தால் பிரிவு 29 காப்பாற்றும். அதிலும் ஒரு கொக்கி உண்டு. அதற்கு முன்பே நீங்கள் வியாபாரமாக ஓட்டியிருந்தால் அந்தக் காவல் கிடையாது.

இந்த வழியின் மறைவான செலவு நேரம்தான். ஏலக்காய் சீசன் ஒரு வருடத்தில் ஒருமுறை. இந்த சீசனைத் தவறவிட்டால் சோதனை அடுத்த வருடத்துக்குப் போகும், பிரிவு 32-இன் ஒரு வருடமும் கரையும்.

கண்காட்சியில் காட்டுவது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்கு 12 மாத அவகாசம் உண்டு என்று சொல்கிறார்களே, அது பிரிவு 31. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்கு மட்டும்தான் அது பொருந்தும். பஞ்சாயத்து நடத்தும் விவசாயக் கண்காட்சிக்கும் கல்லூரி ஆண்டு விழாவுக்கும் பொருந்தாது. கற்றறிந்தோர் சங்கத்தின் முன் வாசிக்கும் கட்டுரைக்கும் அதே அவகாசம். புராஜெக்ட் அறிக்கை நூலகத்தில் வைக்கப்பட்டால் அது வெளியீடுதான், பிள்ளைகள் கவனிக்க வேண்டும். மயிலாடும்பாறை, பாம்பாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையங்களில் கருத்துக் கேட்கப் போகிறவர்கள் புரொவிஷனல் போட்டுவிட்டே போங்கள். அரசிடமோ அரசு நியமித்தவரிடமோ ஆய்வுக்காகத் தெரிவித்தால் பாதகமில்லை என்று பிரிவு 30 சொன்னாலும், உங்களைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற பார்வையாளர்களுக்கு அது பொருந்தாது.

ரகசியமாக வைத்துக்கொள்வது

விறகு தள்ளும் அமைப்போடு வந்தாரே, அவருக்கு நான் இதைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். அவர் மிஷின் விற்க நினைக்கவில்லை. மற்றவர்களின் பச்சைக் காயைக் கூலிக்கு உலர்த்திக் கொடுக்கிறார். ஷெட்டுக்குள் யாரும் வருவதில்லை, வெளியே போவது உலர்ந்த காய் மட்டும்.

இரண்டாம் கேள்வியில் இந்த வழி முழு மதிப்பெண் வாங்குகிறது. விண்ணப்பக் கட்டணம் இல்லை, 20 வருடக் கெடு இல்லை. ஆனால் தொழில் ரகசியத்துக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஒப்பந்தமும், நம்பிச் சொன்ன ரகசியத்தை மீறினார் என்று நீதிமன்றம் ஏற்கும் வாதமும்தான் துணை. வேலை பார்த்த பையன் அடுத்த சீசனில் வேறு ஸ்டோருக்குப் போனால் அவன் கையோடு எல்லாம் போகிறது. வேறொருவர் தானாகவே அதைக் கண்டுபிடித்தால் தடுக்க வழியே இல்லை.

பலருக்குத் தெரியாத பெரிய செலவு இனிமேல்தான். "இப்போதைக்கு ரகசியமாக ஓட்டுவோம், தேவைப்பட்டால் பின்னால் பேடண்ட் போடுவோம்" என்பது நடக்காது. விண்ணப்பத்துக்கு முன் அந்தக் கண்டுபிடிப்பு இந்தியாவில் ரகசியமாகப் பயன்பட்டிருந்தது என்பதே பிரிவு 64-இல் பேடண்டை ரத்து செய்ய ஒரு காரணம். நியாயமான சோதனைக்காக ஓட்டியதற்கு விலக்கு உண்டு, காசு பார்த்ததற்கு இல்லை. மூடிய ஷெட்டுக்குள் கூலிக்கு ஓட்டிய ஒரு சீசன் போதும். ஆகவே ரகசியம் என்று முடிவெடுத்தால் கடைசி வரை ரகசியம்தான்.

அவரிடம் கேட்டேன்: உங்கள் ஷெட்டில் வேலை பார்ப்பவர்கள் யார்? மனைவியும் மகனும் என்றார். அப்படியென்றால் ரகசியம் உங்களுக்குப் பொருந்தும். வெளியாள் பத்துப் பேர் என்றிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

எல்லாருக்கும் திறந்துவிடுவது

இதை ஒரு வழியாகவே யாரும் எண்ணுவதில்லை, ஆனால் ஏலக்காட்டில் இருப்பவர்கள் எண்ண வேண்டும். இன்றைக்கு நம் மலைகளில் பெரும்பாலும் நிற்கும் ஞள்ளானி ரகம் எந்தக் கம்பெனியும் தந்ததல்ல. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்தில் கண்டெடுத்துப் பெருக்கிய செடி அது. தட்டை (பக்கக் கன்று) பிரித்துத் தோட்டம் தோட்டமாகப் பரவியது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் நிமிர்ந்தன. செடிக்கு நம் சட்டத்தில் பேடண்ட் கிடையாது, பயிர் ரகத்துக்கு 2001-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. மிஷினையும் அதே மனதோடு விடலாம்.

திறந்துவிடுவதென்றால் தேதியோடு, எல்லாப் பாகமும் தெரிய, தெளிவாக வெளியிடுங்கள். அப்போதுதான் நாளைக்கு வேறொருவர் அதற்கு பேடண்ட் கேட்டால் யார் வேண்டுமானாலும் அந்த வெளியீட்டைக் காட்டி எதிர்க்க முடியும். அரைகுறையாக ஒரு நிமிட வீடியோ போட்டால் உங்கள் வாய்ப்பு போய்விடும், மற்றவரைத் தடுக்கவும் அது போதாது. இருப்பதிலேயே மோசமான இடம் அதுதான். உபயோகிப்பவர்கள் கூடினால் உங்களுக்கும் லாபம் என்கிற இடத்தில் இந்த வழி நல்லது: தோட்டக்காரராக இருந்து கருவி செய்தவர், ஸ்பேர் பாகம் விற்றுப் பிழைப்பவர், கூட்டுறவுச் சங்கம்.

வந்தவர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு போக ஒரு அட்டையில் இதை எழுதி மாட்டியிருக்கிறேன்:

| வழி | பின்னால் பேடண்ட் கிடைக்குமா | இன்றைய செலவு | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|
| விற்றுப் பார்ப்பது | கிடைக்காது | இல்லை | காப்பியைத் தடுக்க முடியாது |
| புரொவிஷனல் போட்டு விற்பது | 12 மாதத்தில் முழு விவரணை போட்டால் வாய்ப்பு உண்டு | 1,600 ரூபாய், ஏஜெண்ட் கட்டணம் | பரிசோதனை, புதுப்பித்தல், வழக்கு |
| கடிதத்தோடு சோதனை | உண்டு, ஒரு வருடத்துக்குள் போட வேண்டும் | மிஷின் இலவசமாகப் போகும் | ஒரு சீசன் |
| ரகசியம் | காசு பார்த்துவிட்டால் இல்லை | இல்லை | ஆள் மாறினால் போச்சு |
| திறந்துவிடுவது | உங்களுக்கும் இல்லை, யாருக்கும் இல்லை | ஒரு நாள் எழுத்து வேலை | இல்லை |

ஏற்கெனவே விற்றுவிட்டவர்களுக்கு

விற்றுவிட்ட மிஷினுக்கு ஒன்றும் செய்ய முடியாது. தேதியை மாற்றிப் போடலாமா, பில் புக்கைக் கிழித்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஆறு ஸ்டோர்க்காரர்களும் ஒரு வீடியோவும் சாட்சியாக இருக்கும்போது பொய்க் கையெழுத்துப் போட்டு பேடண்ட் வாங்கினாலும், போட்டிக்காரர் ஒரே மனுவில் அதை ரத்து செய்துவிடுவார். வெளித்தோற்றத்தை டிசைனாகப் பதியலாமா என்றால் அதற்கும் இதே விதிதான், பதியும் முன் வெளியே வந்திருக்கக் கூடாது.

ஆனால் அதே மிஷினில் அடுத்து நீங்கள் செய்யும் மாற்றம் இன்னும் வெளியே வரவில்லை அல்லவா? அது புதியதுதான். உங்கள் பழைய மிஷினே அதற்கு எதிரில் வைத்து அளக்கப்படும் என்பதால், மாற்றம் எவருக்கும் எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும்.

சித்தப்பா போன வருடம் திருகை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் வில் வைத்த பட்டைகள், காய் பருத்து வந்தால் தானாக விலகிக் கொடுக்கும். எட்டு மில்லியும் ஏழு மில்லியும் கலந்து போட்டாலும் தோல் பிளப்பதில்லை. அணக்கரையில் ஒரு ஸ்டோரில் பதினெட்டு நாள் ஓட்டிப் பார்த்தோம், கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு ரூபாய்கூட வாங்காமல். மூட்டைக்கு எத்தனை காய் பிளந்தது என்று நான் தினமும் எண்ணி நோட்டில் எழுதினேன். மிஷின் திரும்பி வந்த வாரமே புரொவிஷனல் போட்டாயிற்று. முழு விவரணைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. மிஷின் பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. விண்ணப்ப எண் வந்த அன்று சாயங்காலம் சித்தப்பா தார்ப்பாயை உருவி, மிஷினை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். புது பில் புக்கைப் பிரித்தது அதற்கு மறுநாள்.